இரண்டு வந்தேறிப் பழங்கள்

போன பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி 9.30 மணிக்கு மகள் வந்து, "அப்பா, நாளைக்கு ஸ்கூலுக்கு ரெண்டு பழம் கொண்டு போகணும்" என்றாள். பள்ளிக்கூட வேலை எதுவுமே முந்தின நாள் ராத்திரிதான் பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும். ஒன்று உள்ளூர்ப் பழமாம், ஒன்று வெளிநாட்டுப் பழமாம். இரண்டைப் பற்றியும் வகுப்பில் எழுந்து நின்று ஐந்தைந்து வரி சொல்ல வேண்டுமாம்.

கொல்கத்தாவில் அந்த நேரத்துக்குப் பழக்கடை தேடிப் போக எனக்குத் தெம்பில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தால் இரண்டு வகைப் பழங்கள் இருந்தன. ஒன்று, அன்று சாயங்காலம் கரியாஹாட் மார்க்கெட் வாசலில் ஒரு பாட்டியிடம் வாங்கிய ட்யாபாரி. (வங்காளிகள் இதை மூக்கால் சொல்வார்கள். தமிழ் எழுத்தில் அந்த மூக்கு வராது.) இன்னொன்று, ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் கலிம்போங் நண்பர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கொண்டுவந்து கொடுத்த மரத்தக்காளி.

மகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ட்யாபாரி லோக்கல், இது ஃபாரின்" என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டையும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அவள் உள்ளூர் என்றதும் வெளிநாடு என்றதும் ஒரே மலைத்தொடரிலிருந்து கிளம்பி வந்த பழங்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைதான் இரண்டுக்கும் பிறந்த வீடு. எழுப்பிச் சொல்லலாமா, காலையில் சொல்லலாமா, சொல்லாமலே விடலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் அதற்குப் பிறகும் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பார்க்காதவர்களுக்காக. ட்யாபாரி ஒரு கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம். பழத்தைச் சுற்றிக் காய்ந்த காகிதம் மாதிரி ஓர் உறை. ஹிந்தியில் ரசபரி, ஆங்கிலத்தில் கேப் கூஸ்பெர்ரி, தாவரவியலில் ஃபைசாலிஸ் பெருவியானா. செடி இடுப்பளவு உயரம் வளரும். மழைக்காலத்தில் விதைத்தால் குளிர் முடியும்போது பழம் வரும். பழுத்தால் உறையோடு தானாகக் கீழே விழும், பொறுக்கிக்கொள்ளலாம். உறையை உரிக்காமல் வைத்தால் பல நாள் கெடாது. இனிப்பும் புளிப்பும் சேர்ந்து, தக்காளிக்கும் அன்னாசிக்கும் நடுவே ஒரு ருசி.

கொல்கத்தா வந்த முதல் வருஷம் இதை மார்க்கெட்டில் பார்த்தபோது எனக்குக் காலுக்குக் கீழே கரிசல் மண் வந்துவிட்டது. எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். பருத்திக் காட்டு வரப்பில் சொடக்குத் தக்காளி தானாக முளைத்துக் கிடக்கும். காயை உறையோடு பறித்து நெற்றியில் அடித்தால் 'டப்' என்று வெடிக்கும். அதுதான் எங்கள் பட்டாசு. பழம் கிடைத்தால் தின்போம். ட்யாபாரியும் அதே சாயல், அளவுதான் பெரிது. ஒன்றை எடுத்துப் பழக்கதோஷத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டேன். பழக்காரப் பாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் அவளிடம்தான் வாங்குகிறேன்.

மரத்தக்காளி வேறு மாதிரி. கோழிமுட்டை வடிவம், 5 முதல் 8 செ.மீ. நீளம், நீண்ட காம்பு, கருஞ்சிவப்புத் தோல். மஞ்சள் நிற வகையும் உண்டு. குறுக்கே வெட்டினால் தக்காளியேதான், ஆனால் விதைகளைச் சுற்றியுள்ள கூழ் நாவல்பழச் சாறுபோலக் கையில் கறையாகும். தோல் கசக்கும், உரித்துவிட வேண்டும். மரம் 10 முதல் 15 அடி உயரம் வளரும். நட்ட இரண்டாம் வருஷம் காய்க்க ஆரம்பிக்கும், சுமார் 10 வருஷம் இருக்கும். வேர் ஆழமாகப் போகாது, அதனால் பலத்த காற்று ஆகாது. உறைபனியும் ஆகாது, சமவெளி வெயிலில் சரியாகக் காய்க்கவும் செய்யாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் ரோட்டோரம் கூறுகட்டி விற்பதைப் பார்த்திருக்கலாம். இதன் தாவரவியல் பெயர் சொலானம் பீட்டேசியம்.

இரண்டும் கத்தரிக்காய்க் குடும்பம். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டைக்காய், புகையிலை, ஊமத்தை எல்லாம் இதே குடும்பம்தான். சாம்பாரும் இங்கே, சாவும் இங்கே :-) அடையாளம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கத்தரிக்காயின் தலையில் பச்சையாக ஒரு தொப்பி இருக்கிறதே, அது பூவின் புல்லிவட்டம். பெரும்பாலான செடிகளில் பூ உதிரும்போது அதுவும் வாடிப் போகும். இந்தக் குடும்பத்தில் காயோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். தக்காளியில் அது பச்சை நட்சத்திரம். மரத்தக்காளியில் காம்போரத்துச் சின்னத் தொப்பி. ட்யாபாரியில் மட்டும் அது பலூன்போல ஊதிப் பெரிதாகிப் பழத்தையே மூடிவிடுகிறது. நாங்கள் நெற்றியில் அடித்து உடைத்ததெல்லாம் ஒரு பூவின் புல்லிவட்டத்தைத்தான் என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

குடும்பத்தில் விஷக்காரர்கள் இருப்பதால் இவர்களின் பழங்கள் மேல் எங்கும் ஒரு பயம் இருந்திருக்கிறது. பெல்லடோனா என்ற கொடிய விஷச்செடியை அறிந்திருந்த ஐரோப்பியர்கள் தக்காளியைக்கூட நெடுநாள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். பயம் முழுக்க மூடத்தனமும் இல்லை. இந்தச் செடிகளின் இலையிலும் பழுக்காத காயிலும் உடம்புக்கு ஆகாத வேதிப்பொருள்கள் உண்டு. ட்யாபாரியை நன்றாகப் பழுத்த பிறகே சாப்பிட வேண்டும். "பச்சையாத் தின்னா வயித்தாலே போகும்" என்று அம்மா எங்களை அதட்டியது சரிதான்.

இனி, வந்த வழி.

ட்யாபாரிக்கு லின்னேயஸ் 1763-ல் பெயர் வைத்தபோது பெரு நாட்டின் பெயரையே சேர்த்தார். 1774-ல் இங்கிலாந்தில் வளர்த்திருக்கிறார்கள். 1807-க்கு முன்பே தென் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில், அதாவது 'கேப்'பில், குடியேறிகள் பயிரிட்டார்கள். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனது. நியூ சவுத் வேல்ஸில் முதலில் குடியேறியவர்களுக்குக் கிடைத்த ஒருசில பழங்களில் இதுவும் ஒன்று. கேப்பிலிருந்து வந்ததால் அங்கே இதற்குக் 'கேப் கூஸ்பெர்ரி' என்று பெயர் விழுந்தது. பிறந்தது பெருவில், பெயர் ஆப்பிரிக்காவில். கூஸ்பெர்ரி என்ற ஐரோப்பியப் பழத்தோடு இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கூஸ்பெர்ரி விஷயத்தில் ஆங்கிலேயர்களுக்கு ஒரு வியாதியே இருந்திருக்கிறது. கண்ணில் பட்ட உருண்டையான புளிப்புப் பழத்துக்கெல்லாம் அந்தப் பெயர்தான். நம் நெல்லிக்காய் இந்தியன் கூஸ்பெர்ரி. அரைநெல்லி ஸ்டார் கூஸ்பெர்ரி. இன்று கிவி என்று விற்கப்படுவது ஒரு காலத்தில் சைனீஸ் கூஸ்பெர்ரி. வீட்டை விட்டு வெகுதூரம் போனவன் பார்க்கும் பழத்திலெல்லாம் ஊர்ப் பழத்தைத் தேடுவான் போல. அவர்களைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. கரியாஹாட்டில் நெற்றியில் அடித்துக்கொண்டு நின்றவன் நான்.

இந்தக் கேப் பெயரைப் பற்றி ஒரு சுவாரசியம். ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் தொகுத்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி 1886-ல் வந்தது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். புத்தகம் வருமுன்பே, 1882-ல் இறந்துவிட்டார். அந்த அகராதியில் 'டிபாரி' என்று நம் ட்யாபாரிக்கு ஒரு பதிவு இருக்கிறது. ஊதிப் பருத்தது என்ற பொருளுள்ள வங்காளச் சொல்லோடு இந்தப் பெயருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று அதில் ஒரு யோசனை. பேத்தை மீனுக்கும் அதே சொல்தானாம். 1903-ல் வந்த இரண்டாம் பதிப்பு இன்னொன்றையும் சேர்க்கிறது. 'கேப்' என்பது ஊரே அல்ல, பழத்தின் மேல் இருக்கும் தொப்பியைக் குறிக்கும் சொல் என்று ஒருவர் வாதிட்டாராம். எப்படி இருந்தாலும், 1880-களுக்குள் ட்யாபாரி வங்காளத்தில் வங்காளப் பெயரோடு செட்டிலாகிவிட்டது தெரிகிறது.

மரத்தக்காளி வந்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலேயர்களின் மலைத் தோட்டங்கள் வழியாக. ஏன் மலை என்று புரிய, அதற்குச் சற்று முன்னால் வந்த இன்னொரு ஆண்டிஸ்காரரைப் பார்க்க வேண்டும். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் எடுக்கும் சின்கோனா மரம். 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவில் திரட்டிய கன்றுகளும் விதைகளும் நீலகிரிக்கு வந்தன. டார்ஜிலிங் அருகே மங்பூவிலும் சின்கோனா பெரிய அளவில் வேர்விட்டது. வெப்ப மண்டலத்தில், ஆனால் உயரத்தில், குளிரும் மழையும் சேர்ந்த இடம் ஆண்டிஸ். இந்தியாவில் அதற்குத் தோதான இடங்கள் நீலகிரியும் டார்ஜிலிங்கும். மரத்தக்காளி இன்றைக்கும் செழிப்பாக வளர்வது அந்த மாதிரி மலைகளில்தான். ட்யாபாரிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரே பருவத்தில் விளைந்துவிடும் செடி என்பதால் சமவெளியின் குளிர்காலத்துக்குள் காய்த்துவிடும். அதனால்தான் மலையிறங்கி உத்தரப் பிரதேசம், பிகார், வங்காளம் என்று பரவ முடிந்தது.

பெயர் விஷயத்திலும் மரத்தக்காளிக்கு அதிர்ஷ்டம் இல்லை. தாவரவியலாளர்களே அதை அலைக்கழித்திருக்கிறார்கள். 1799-ல் ஸ்பெயின்காரர் கவனில்லெஸ் சொலானம் என்றார். 1845-ல் அதைச் சைஃபோமாண்ட்ரா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். 1995-ல் லின் போஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் திரும்பவும் சொலானத்துக்கே கொண்டுவந்தார். நம் பிஎஃப் கணக்கு மாதிரி ஒரு சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஊர்ப்பெயரோ எங்கு போனாலும் ஒன்றுதான். ஸ்பானிய மொழியில் 'தொமாத்தே தெ ஆர்போல்', நேபாளியில் 'ரூக் டமாட்டர்', தமிழில் மரத்தக்காளி. மூன்றும் ஒரே அர்த்தம்.

கடைசியில் நியூசிலாந்துக்காரர்கள் புதுப்பெயர் வைத்தார்கள். 1891-ல் ஒரு நாற்றுப்பண்ணை அங்கே கொண்டுவந்த பழம் அது. 1920 வாக்கில் சிவப்பு வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் வெளிப் பழங்கள் வரத்து குறைந்ததும் மரத்தக்காளி மவுசு கூடியது. போருக்குப் பின் வெளிநாட்டில் விற்கப் போனால், 'மரத்தக்காளி' என்றால் சாதாரணத் தக்காளி என்று நினைத்துவிடுகிறார்கள். 1967 ஜனவரி 31-ல் மரத்தக்காளி விற்பனையைக் கவனித்த குழு அதிகாரபூர்வமாகச் சூட்டிய பெயர் 'டாமரில்லோ'. தலைமையைக் குறிக்கும் 'தாமா' என்ற மாவோரிச் சொல்லையும் ஸ்பானியச் சொல் மாதிரி ஒலிக்கும் ஒரு வாலையும் ஒட்டிச் செய்தார்கள். 1959-ல் சைனீஸ் கூஸ்பெர்ரியைக் கிவியாக்கியதும் இதே நாடுதான். விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆக, ஒரு பழம் வங்காளத்தில் புதுப்பெயர் பெற்று வீட்டுப்பிள்ளை ஆகிவிட்டது. இன்னொன்று இரவல் பெயரோடு திரிகிறது. இதே இரவல் பெயரைப் பற்றி யோசித்தபோதுதான் 'தக்காளி'யே இரவல் என்பது உறைத்தது. அமெரிக்காவிலிருந்து தக்காளி வருவதற்கு முன்பே தமிழில் அந்தச் சொல் இருந்தது. மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும்தான் அன்றைய தக்காளிகள். புதிதாக வந்த சிவப்புப் பழத்தைச் 'சீமைத்தக்காளி' என்றார்கள். நாளடைவில் 'சீமை' உதிர்ந்து, வந்தவர் தக்காளி ஆகிவிட்டார். பழைய தக்காளிகள்தான் இப்போது அடைமொழி போட்டுக்கொண்டு நிற்கின்றன. வங்காளிகள் அதே தக்காளியை 'பிலாத்தி பேகுன்', அதாவது சீமைக் கத்தரி என்றார்கள். தாவரவியல் படிக்காமலே இரு ஊர்க்காரர்களும் குடும்பத்தைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

மெக்ஸிகோவிலும் இதுதான் கதை. 'டொமாட்டோ'வின் மூலச் சொல்லான 'தோமாத்ல்' அந்த ஊர் நாவாட்ல் மொழியில் சாறுள்ள இந்த வகைப் பழங்களுக்கெல்லாம் பொதுப்பெயர். நடு மெக்ஸிகோவில் இன்றும் 'தொமாத்தே' என்றால் உறைமூடிய பச்சைப் பழம், ட்யாபாரியின் நெருங்கிய சொந்தம். நம் சிவப்புத் தக்காளிக்கு அங்கே 'ஹித்தொமாத்தே' என்று பெயர். அதாவது தமிழன் சொடக்குத் தக்காளியின் பெயரைத் தக்காளிக்குக் கொடுத்த மாதிரியே, உலகமும் உறைப் பழத்தின் பெயரை அதற்குக் கொடுத்திருக்கிறது.

இன்னும் ஒன்று சொன்னால் அம்மாவே நம்ப மாட்டார்கள். ஃபைசாலிஸ் பேரினத்தின் ஏறக்குறைய எல்லா இனங்களும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. அதனால் எங்கள் வரப்புச் சொடக்குத் தக்காளியும் எப்போதோ கப்பலேறி வந்த செடியாக இருக்கலாம் என்று தாவரவியலில் ஒரு கருத்து உண்டு. மண்ணின் மைந்தன் என்று நான் நினைத்தவர், கொஞ்சம் முன்னால் வந்தவர் மட்டுமே!

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். காலையில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். ட்யாபாரி லோக்கல் என்று சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்களாம். மரத்தக்காளியைக் காட்டி வெளிநாட்டுப் பழம் என்றதும், கடைசி பெஞ்சில் இருந்த டார்ஜிலிங் பெண் எழுந்து, "அது எங்க வீட்டுப் பழம். எங்க பாட்டி வீட்டு வாசல்லயே மரம் இருக்கு" என்றாளாம். மகளுக்கு அவமானமாகப் போய்விட்டது. எனக்கோ அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்திருக்கும் என்றுதான் தோன்றியது. தன் பாட்டி வீட்டு மரத்தை வகுப்பில் ஒருத்தி வெளிநாடு என்று காட்டினால் எப்படி இருக்கும்? கொல்கத்தாவில் நான் கேட்காத விஷயமா இது. பதினான்கு வருஷமாக இங்கே இருக்கிறேன், இன்னும் 'மாத்ராஜி'தான். கர்நாடகாக்காரர், ஆந்திராக்காரர், நான், எல்லோரும் மாத்ராஜி. மதராஸே 1996-ல் சென்னை ஆகிவிட்டது, எங்களுக்கு மட்டும் பெயர் மாறவில்லை. கப்பல் கடைசியாக நின்ற துறைமுகத்தின் பெயரைப் பழத்துக்கு வைப்பதுபோலத்தான். கோபமெல்லாம் இல்லை. அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள். இருந்தாலும்.

அன்று ராத்திரி இரண்டு பழத்தின் கதையையும் மகளுக்குச் சொன்னேன். பிறகு கலிம்போங் நண்பர் சொல்லிக்கொடுத்தபடி மிச்சமிருந்த மரத்தக்காளிகளை அடுப்புத் தீயில் சுட்டுத் தோலுரித்து, பச்சை மிளகாய், உப்பு, கொத்தமல்லி சேர்த்து இடித்தோம். அவர்கள் ஊரில் டல்லே என்ற உருண்டை மிளகாய் போடுவார்களாம். ஈக்வடாரில் சாப்பாட்டு மேஜையில் தவறாமல் வைக்கும் மிளகாய்ச் சட்னியும் ஏறக்குறைய இதேதான், மரத்தக்காளியும் மிளகாயும். இமயமலைக்காரர்களும் ஆண்டிஸ்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே சட்னியை அரைத்திருக்கிறார்கள். மிளகாயும் அங்கிருந்து வந்ததுதானே. இட்லிக்கும் நன்றாக இருந்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டியது என் கடமை.

"அப்போ எதுதான்பா லோக்கல்?" என்று கேட்டாள். அந்தப் பாட்டி வீட்டு வாசலில் மரம் நின்றால் அது அவர்களுக்கு லோக்கல் என்றேன். மறுநாள் அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லச் சொன்னேன். ஒரு சின்ன டப்பாவில் சட்னியும் கொடுத்துவிட்டோம். டப்பா காலியாகத் திரும்பி வந்தது. கூடவே, "டல்லே போட்டிருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்று அவள் அம்மாவின் செய்தியும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டபோது மகள் ஒரு ட்யாபாரியை கேமரா முன்னால் நீட்டி, "அப்பத்தா, இது என்ன சொல்லு?" என்றாள். அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள். "சொடக்குத் தக்காளிதான. என்னமா பெருத்திருக்கு! இதையெல்லாமா காசு கொடுத்து வாங்குறீக?" என்றார்கள். மகள் அதை நெற்றியில் அடித்துக் காட்டினாள். சரியாக வெடிக்கவில்லை. காய்ந்த உறை அப்படித்தான், பச்சை உறைதான் வெடிக்கும்.

பால்கனித் தொட்டியில் இரண்டின் விதையையும் போட்டிருக்கிறோம். ட்யாபாரி நன்றாக முளைத்துவிட்டது. மரத்தக்காளியும் முளைத்திருக்கிறது, ஆனால் இந்த ஊர் வெயிலில் காய்க்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. மகள் பிடுங்க விடமாட்டேன் என்கிறாள். இருக்கட்டும். நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து நண்பர்கள் யாராவது மரத்தக்காளிக்கு உங்கள் வீட்டில் வேறு பெயர் சொல்வார்கள் என்றால் எனக்கு எழுதுங்கள். இவ்வளவு தூரம் வந்த பழத்துக்கு ஒரு சொந்தப் பெயராவது கிடைக்கட்டும்.